பிரேத விசாரணை இல்லாத ஊர்

இரவு பதினொன்றே கால்.
குன்றக்குடி ஸ்டேஷனில் லாக்கப் காலி.
மலைமேல் ஒரு விளக்கு, அதற்குக் கீழே எங்கோ
தூக்கம் கெட்ட ஒரு மயில்.
ஸ்டாம்பு பேடில் போனைச் சாய்த்து வைத்து
ஜப்பான் படம் பார்க்கிறேன்,
சத்தத்தை அடைத்துவிட்டு.

குளியல் விடுதி அடுப்புக்கு விறகு தள்ளுகிறவன் அவன்.
பகலெல்லாம் குனிந்த தலை, கரி படிந்த பிடரி.
ராத்திரியானால் விறகுக் கட்டுக்குள்ளிருந்து
வாளை உருவுகிறான்.
தெருவுக்குத் தெரு மாமூல் வாங்கும் கும்பல்
பாலத்துக்கு அந்தப்பக்கம் நிற்கிறது.
ஒரு வீச்சுதான்.
ஒன்றுமே ஆகாததுபோல் கொஞ்ச நேரம் நிற்கிறார்கள்.
ஒருவன் சிரிக்கக்கூடச் செய்கிறான்.
அப்புறம் பேரூராட்சிக் குழாய் உடைந்த மாதிரி ரத்தம்,
காகிதக் கதவுகள் நனையும் அளவுக்கு.

எண்ணுவது எனக்குப் பழக்கம்.
பாலத்தில் ஒன்பது.
சூதாட்ட வீட்டில் பதினான்கு,
கூரையிலிருந்து விழுந்தவனைச் சேர்த்தால் பதினைந்து.
மூங்கில் தோப்பில் ஏழு.
முப்பத்தொரு பிரேத விசாரணை அறிக்கை!
தலைக்கு ஐந்து பஞ்சாயத்தார்,
அவர்களுக்கு டீ, வடை,
பார்வை மகஜர், மாதிரி வரைபடம்,
மேற்படி வலது கை
மேற்படி உடலைச் சேர்ந்ததுதானா என்று
அரசு மருத்துவருக்கு ஒரு கடிதம்.
கார்பன் பேப்பரே ஒரு கட்டு ஆகும்.

அவன் வாளை ஒரு உதறு உதறி
உறையில் செருகிக்கொண்டு
மழைக்குள் நடந்து போய்விடுகிறான்.
யாரும் ஒரு வரி எழுதவில்லை.
அந்த இடத்தில்தான் எனக்குத் தொண்டை அடைக்கிறது.
வாளுக்காக அல்ல.

மத்தியானம் உடையம்மாள் வந்தாள்,
ஆத்தங்குடிப் பட்டறையிலிருந்து நேரே.
முழங்கைவரை சிவப்பு.
பதறி எழுந்துவிட்டேன்.
'கல்லுக்கு ஊத்துற சாயம், ரைட்டரக்கா' என்றாள்.
ரத்தம் காதுக்குள் இருந்தது,
குன்றிமணி அளவு, உறைந்து.
வாரத் தவணை ஒன்று தவறியதற்கு
வைரவசுந்தரம் கொடுத்த அறை.
'எழுதுங்க' என்றாள்.
எழுதினேன்.

'கூப்பிட்டுப் பேசி விட்ருவோம்மா' என்றார் ஐயா.
கிழித்தேன்.

அவன் வந்தான், என் எதிரில் உட்கார்ந்தான்.
சர்க்கரை குறைவாக ஒரு டீ.
சமாதானக் கடிதத்தில் என் பேனாவால் கையெழுத்திட்டு
அதைத் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டான்.
எடுத்துக்கொள்ளும் எண்ணம் இல்லை,
கைப்பழக்கம்.
அவளிடம் ஸ்டாம்பு பேடை நீட்டினேன்.
வேண்டாம் என்று
வேர்த்திருந்த கட்டைவிரலை நேரே வைத்தாள்.
ரேகை சிவப்பாக விழுந்தது.

திரையில் கும்பலின் தலைவன் இப்போது தனியாக.
பட்டுத் துணி, வெள்ளிக் குழல், பின்னால் ஓடும் சுவர்.
விறகுக்காரன் வாளை ஓங்குகிறான்.
முகத்தில் கோபமே இல்லை,
இன்னொரு கட்டையை அடுப்பில் தள்ளும் முகம்.
எனக்கு அந்தக் கை வேண்டியிருக்கிறது.
தொண்ணூற்றெட்டில் லத்தி பிடித்த கை,
பிறகு பதினாறு வருஷம்
'மேற்படி' 'மேற்படி' என்றே தேய்ந்த கை.

வீச்சு விழுந்த நொடியில் படத்தை நிறுத்தினேன்.

பாரா நிற்கும் சோலைமலையிடம் பேனா கேட்டேன்.
'படம் முடிஞ்சிருச்சாக்கா?'
'இன்னும் இல்ல.'

மனுவைக் கிழிக்கலாம்.
பொது நாட்குறிப்பில் பக்கத்துக்குப் பக்கம்
எண் அச்சடித்திருக்கிறது.
தேதி. நேரம் 00.40.
இடது காது என்று எழுதினேன். வலது கை என்று எழுதினேன்.
யாருடைய காது, யாருடைய கை,
அப்பன் பெயரோடு.
ஐயா எத்தனை மணிக்கு என்ன சொன்னார் என்பதையும்.
ஏழு வரிதான் வந்தது.
கடைசி வரியில் கை நடுங்கி
'ம்' ஒன்றின் புள்ளி தள்ளி விழுந்துவிட்டது.

காலையில் ஐயா பார்ப்பார்.
எந்த ஊருக்கு மாற்றுவார்கள் என்று தெரியாது.
உடையம்மாளுக்கு இது தெரியவே தெரியாது,
திங்கட்கிழமை அவளுக்கு அடுத்த தவணை.

போனில் இன்னும்
ரத்தம் கீழே விழாமல்
அந்தரத்தில் நிற்கிறது.
சார்ஜ் நான்கு சதவீதம்.