கயிறு கட்டாத மோட்டார்

மூலனூர்ப் பக்கம் ஒரு குழி, ஆயிரத்து நூறடி.
அதுல எறக்கியிருக்கேன்.
வெள்ளகோவில்ல தொள்ளாயிரத்தி அறுபது, குண்டடத்துல எண்ணூறு.
முப்பத்தோரு வருசமா இதுதானுங்க தொழில்.
இன்னிக்கு என்ற தொடையை மரத்துப்போக வெச்சுட்டு
"சென்னியப்பன், முழிச்சே இருக்கலாம்"ன்னாங்க.
முழிச்சுக்கிட்டேன்.
வேலை நடக்கற எடத்துல நான் தூங்குனதில்ல.

நிமிசத்துக்கு முப்பத்தி நாலு துடிப்பு.
மேலறை சொல்றது கீழறைக்குக் கேக்கறதில்லையாம்.
நடுவால கேபிள் போனா இதே கதைதான்:
ஸ்டார்ட்டர்ல லைட் எரியும்,
கீழ ஒண்ணும் சுத்தாது.
மொதல்ல விழுந்தது ஒரு குழி ஓரத்துல.
விழுந்தும் சங்கிலியைப் பிடிச்ச கை உடலையாம்.
பைப்பு தப்பிச்சுதுன்னு
பழனாத்து இன்னமும் ஊர் முச்சூடும் சொல்றான்.

டாக்டரம்மா உள்ளங்கையில வெச்சுக் காட்டுனாங்க.
சத்து மாத்திரை அளவு. ரெண்டு கிராம்.
நுனியில நாலு கொக்கி, பூனைக்குட்டி நகமாட்டம்.
"வயர் எங்கீங்க?"
"வயரே இல்லீங்க."
"பேட்டரி?"
"இதுக்குள்ளயே."
"கயிறு?"
சிரிச்சாங்க. நான் சிரிக்கல.

தோள்ல பொட்டி வெச்சு வயர் உட்டா
நான் செயின் புல்லி இழுக்கற இழுப்புக்கு
தாங்காதுன்னுதான் இது.
மோட்டார் தூக்கற ஜீப்பை வித்தாச்சு.
மோட்டாருக்கு மோட்டார் வண்டி.
நாயம் சரிதான்.

கவட்டையில பூந்து மேல போகுது.
எறக்கித்தான் எனக்குப் பழக்கம்,
இது ஏத்தற வேலை.
தலைமாட்டுப் பக்கம் டிவி. அதுல என்ற நெஞ்சு,
மார்கழிப் பனிக்குள்ள தென்னந்தோப்பு நிக்கறாப்பல
எலும்பு எலும்பா.
நடுவுல கறுப்பா ஒரு குழாய்
அக்கட்டால வளைஞ்சு இக்கட்டால திரும்பி
செவுத்துல போய் மூக்கை முட்டுச்சு.

பிடிச்சுதான்னு பார்க்க
டாக்டரம்மா மெல்ல ஒரு இழு இழுத்தாங்க.
அந்த இழுப்பு எனக்குத் தெரியும்.
கண்ணு பொய் சொல்லும்,
விரல்ல வர்ற கனம் சொல்லாது.
"பிடிக்கல"ன்னேன்.
அதே நேரத்துல அவங்களும் ரபீக்கைப் பார்த்து
"பிடிக்கல"ன்னாங்க.
ஒரு நிமிசம் அந்த ரூம்புல யாரும் பேசல.

மூணாவது எடத்துல
ரெண்டு கொக்கி வளைஞ்சு நின்னது திரையில தெரிஞ்சுது.
"அரை வோல்ட்டுக்கே எந்திரிக்குது மேடம்" ரபீக்.
நானூத்தி நாப்பதுக்குக் கொறஞ்சு
நான் தொட்டதில்லீங்க.

"நூலை அறுத்துரலாம்"ன்னாங்க.
அப்பத்தான் எனக்கு வேர்த்துச்சு.

கன்னிவாடியில, பதினாலு வருசமிருக்கும்,
கயிறறுந்து ஒரு மோட்டார் உள்ள போச்சு.
அஞ்சு நாள் தூண்டி போட்டுத் துழாவுனோம்.
தோட்டத்துக்காரரு ஓரியாட்டத்துக்கு வரல.
நாலடி தள்ளி வேற பாயிண்டு போட்டுக்கிட்டாரு.
என்ற மோட்டார் இன்னும் அங்கதான்,
ஐநூறு அடியில, தண்ணிக்குள்ள.

"பேட்டரி தீந்தா எப்படிங்க எடுப்பீங்க?"
"பத்து வருசத்துக்கு மேல வரும்.
அப்புறம் இதை அப்படியே உட்டுட்டு
பக்கத்துல இன்னொண்ணு வெச்சுக்கலாம்."
"சரிங்க"ன்னேன்.
அறுத்தாங்க.
நூல் மட்டும் வெறுசா வெளிய வந்துச்சு.

ஆறு மணி நேரம் காலை மடக்கக் கூடாது.
எரிக்கறதா இருந்தா முன்னமே சொல்லணும்னு
ஒரு தாள்ல போட்டிருந்துச்சாம்.
மயிலாத்தா அதுல கையெழுத்துப் போடாம
பத்து நிமிசம் வெச்சுப் பார்த்துட்டே இருந்தாளாம்.
இப்ப கட்டிலோரம் குனிஞ்சு கேக்கறா:
"ஓடுதா? சத்தமே இல்லையே?"
"நீர்மூழ்கி மோட்டார் சத்தம் மேல வராது புள்ள.
தண்ணி வந்தா ஓடுதுன்னு அர்த்தம்."

கொஞ்ச நேரம் நின்னவ
போர்வையை வெலக்கி
என்ற பாதத்தைப் பிடிச்சுப் பார்த்தா.
ரெண்டு மாசமா ஜில்லுனு கெடந்த பாதம்.
ஒண்ணும் சொல்லல. கையையும் எடுக்கல.

போன் அடிச்சுது. குண்டடத்துக்காரரு.
மோட்டார் ஓடுதாம், தண்ணி வரலையாம்.
வெள்ளிக்கிழமை வர்றேன்னு சொல்லு,
அது வரைக்கும் யாரும் கயித்தை இழுக்க வேண்டாம்னு சொல்லு.