பத்தாம் வசனம்

சேரம்பாடியில் மூன்று நாளாய் வெயில் இல்லை.
சபை அறையில் நானும் கத்தரிக்கோலும்
பந்தலூரில் அச்சடித்து வந்த பன்னிரண்டு தாளும்.
தாளுக்கு இருபது வாக்குத்தத்தம்.
நாளை நடுராத்திரி ஆராதனையில் தட்டில் கவிழ்த்து வைப்போம்.
ஆளுக்கொன்று எடுப்பார்கள்.
வருஷம் முழுக்க அது அரிசி டப்பாவில் ஒட்டியிருக்கும்.

பதினொரு வருஷமாய் வெட்டுகிறேன்.
கொழுந்து கிள்ளும் கைக்கு இது பழகின வேலை:
ரெண்டு இலை ஒரு மொட்டு,
மற்றது செடியிலேயே இருக்கட்டும்.
ஆனால் அந்த முதிர்ந்த இலைதான் செடிக்குச் சோறு ஆக்குகிறது.
அதை உருவாதே என்று மேஸ்திரி கத்தாத நாளில்லை.

எரேமியா இருபத்தொன்பது, பதினொன்று.
உங்களைக் குறித்து நான் நினைப்பது நல்லதே என்று
கர்த்தர் சொல்லும் இடம்.
போன வருஷம் அது கிருபாவதிக்கு வந்தது.
அழுதாள். மகனுக்குத் திருப்பூர் வேலை நிலைக்கும் என்றாள்.
ஆகஸ்டில் கம்பெனியைப் பூட்டினார்கள்.
திரும்பி வந்தவன் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான்.
கொழுந்து எடை போடும் வரிசையில் அவள் என்னிடம் கேட்டாள்,
சண்டைக்கு இல்லை, நிஜமாகவே கேட்டாள்:
"அட்டை மாறி வந்திருக்குமோ?"

அன்று ராத்திரிதான் பத்தாம் வசனத்தைப் படித்தேன்.

எழுபது வருஷம் என்று இருக்கிறது.
எழுபது.
பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போனவர்களுக்கு வந்த கடிதம் அது.
ரெண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகும் என்று
இன்னொருவன் ஏற்கெனவே சொல்லி நல்ல பேர் வாங்கியிருந்தான்.
கடிதம் சொல்வது வேறு:
வீடு கட்டு. தோட்டம் போடு. பிள்ளைக்குக் கல்யாணம் பண்ணு.
உன்னைக் கொண்டுபோய் வைத்த ஊர் நன்றாயிருக்க ஜெபி.
கேட்டவர்களில் தலை நரைத்த ஒருவரும்
திரும்பிப் போயிருக்க மாட்டார்கள்.
விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.

எங்கள் வீட்டிலும் ஒரு கணக்கு உண்டு.
தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது அப்பாவுக்கு ஒன்பது வயது.
மண்டபம் கேம்ப், அப்புறம் இந்த மலை.
அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன்.
லைன் வீட்டுக்குப் பின்னால் ஒரு பலாக்கன்று நட்டார்.
அது காய்த்தது அவரை அடக்கம் பண்ணின பிறகு.
பாதி எங்களுக்கு, முக்கால்வாசி யானைக்கு.
கணக்கு இடிக்கிறதா? யானையிடம் கேளுங்கள்.

அதனால்தான் இந்த வருஷம் வெட்டி முடித்ததும்
பால்பாயின்ட் பேனாவால் பின்பக்கம் எழுதுகிறேன்,
ஒவ்வொரு வசனத்துக்கும் அதன் முன்வீட்டுக்காரரை.
எல்லாம் செய்ய எனக்குப் பெலன் உண்டு என்பதை
வாலிபால் பையன்கள் பனியனில் அச்சடித்துக்கொண்டு
கூடலூரில் தோற்று வந்தார்கள்.
அதன் பின்னால் எழுதினேன்:
காவலில் இருந்தவன் எழுதியது. பட்டினியும் பழகியவன்.
கோப்பைக்குச் சொன்னதில்லை, கஞ்சிக்குச் சொன்னது.

உபதேசியார் வேதமுத்து வந்து ஒன்றை எடுத்துத் திருப்பினார்.
"ஜனங்க ஒரு ராத்திரியாவது சந்தோஷமா போகட்டுமே, ரூபெல்லா."
மத்தேயுவின் முதல் பக்கத்தை அவருக்குக் காட்டினேன்,
எல்லாரும் தாண்டிப்போகும் அந்தப் பேர் வரிசையை.
நடுவில் பாபிலோன், திரும்பவும் பாபிலோன்.
அந்த வழியாகத்தான் இயேசு வந்திருக்கிறார்.
சுற்றுப்பாதையே இல்லாத நல்ல நினைவு எனக்குத் தெரியாது ஐயா.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
கண்ணாடியைத் துடைத்தார். இன்னொரு பேனா கேட்டார்.

நடுராத்திரி. பனிமூட்டம் சபைக்குள்ளேயே வந்துவிட்டது.
கிருபாவதிக்குத் தட்டை நீட்டினது நான்தான்.
எந்த அட்டை எங்கே கிடந்தது என்று தெரியாது என
சத்தியம் பண்ண மாட்டேன்.

டியூப் லைட்டுக்கு அடியில் முன்பக்கம் படித்தாள்.
முகம் இறுகியது.
பின்பக்கம் படித்தாள்.
"எழுபதா?"
"எழுபது."
சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.
கொஞ்ச நேரம் கழித்து,
"அப்ப அவனை எழுப்பி
பின்னாடி பீன்ஸ் போடச் சொல்றேன்" என்றாள்.
"யானை?"
"வரட்டும்."