வரவு இடாப்பு

வலயத்திலிருந்து வந்தவர்
ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்தார்.
யாபேஸின் களிமண் ஆற்றுக்கு நடுவில்
அது ஒரு மலையாகி நின்றது.

"எத்தினை மணிக்குத் தொடக்கம்?"
ஐந்தரைக்கு, சேர். ஜெபத்தோடு.
"மணி?"
சேவல் இருக்கிறது.
"நேரசூசி?"
சுவரில் இருந்தது. கரையான் தின்றுவிட்டது.
அவர் சிரிக்கவில்லை. எழுதினார்.
"வரவு இடாப்பு?"
நான் தேத்தண்ணி ஊற்றப் போனேன்.

முத்தையன்கட்டில் தண்ணீர் திறந்த கிழமை.
நிமலன் லான்ட்மாஸ்டரோடு வயலில்.
அன்றைக்குப் பின்னம் ரொட்டியில்.
லோவிசாள் எட்டாகப் பிய்த்தாள்.
மூன்றைத் தின்ற தம்பி
மிச்சத்தை எழுத மறுத்தான்.
வந்தவருக்கு ஒரு துண்டு கொடுத்தோம்.
"எட்டிலை நாலு," என்றாள் மகள்,
"அரைதான் சேர், ஆனால் பார்க்க அரை மாதிரி இல்லை."
அதையும் அவர் எழுதினார்.
வாற மாதம் திரும்ப வருவாராம்.

முன்வளவு ஜெயமலரும் விடுவதில்லை:
"வாற வருசம் ஸ்கொலர்ஷிப்புக்கு
பிள்ளையை எங்கை இருத்தப் போறாய்?"

சபையில் சாட்சி சொல்ல எழும்பினால்
வீடே ஆலயம், மேசையே பீடம் என்பேன்.
பொய் இல்லை.
யூரியாப் பையில் எழுத்துக் கூட்டினவன்தான் யாபேஸ்.
வாய்க்கால் கட்டில் நடந்து நடந்துதான்
லோவிசாள் மீற்றரைக் கிலோமீற்றர் ஆக்கினாள்.
பாலைப்பழப் பால் ஒட்டிய உதட்டோடு
ஸ்தோத்திரம் சொல்கிறோம், சிரிப்பு வந்துவிடும்.
பொய் இல்லை.
முழுக் கணக்கும் இல்லை.

நான் பத்தாம் வகுப்பு.
தறப்பாளுக்குக் கீழே, மணலுக்கு மேலே.
பாத்திரம் பண்டத்தை விட்டுவிட்டு வந்த ரீச்சர்
இடாப்பை மட்டும் காவித் திரிந்தா.
மாசி மாதம் ஒருநாள் பேர் கூப்பிட்டா.
கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தா.
பூச்சியம் போடவில்லை.
கட்டத்தை வெறுமையாக விட்டு
அடுத்த பேருக்குப் போனா.
அதற்கும் காத்திருந்தா.
வெயில் தறப்பாளில் நீலமாய் இறங்கிக்கொண்டிருந்தது.

பிறகு எனக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள்.
எந்த இடாப்பிலும் அவர்கள் பேரைக் கொடுக்க
எனக்குக் கை வரவில்லை.
நிமலனுக்கு இது சொன்னதில்லை.
கர்த்தருக்குச் சொல்லத் தேவையில்லை.

அடுத்தநாள் வேதபாடம்.
ஏழு நாள் சுற்றி வந்து
எக்காளம் ஊத, மதில் விழுந்த பட்டணம்.
யாபேஸ் நெருப்புப்பெட்டிகளை அடுக்கினான்,
பப்பாசிக் குழலால் ஊதினான்,
விழாததைக் கையால் தட்டி விழுத்தினான்,
அல்லேலூயா என்று குதித்தான்.

லோவிசாள் குதிக்கவில்லை.
"உள்ளுக்கை சின்னப்பிள்ளையள் இருந்தவையோ அம்மா?"

சபை தந்த பாடக்குறிப்பில்
கடைசிப் பக்கம் பத்துக் கேள்விகள்.
இது இல்லை.
வயலால் வந்த நிமலன்
சேற்றுக் காலோடு வாசலில் நின்றார்.

"இருந்திருப்பினம்."
"அவையின்ரை பேர்?"
"தெரியாது."
"ஏன் ஒருத்தரும் எழுதேல்லை?"

எழும்பிப் போய் ஒரு சி.ஆர். கொப்பி எடுத்தேன்.
அடிமட்டத்தைத் தேட, அது களிமண் ஆற்றுக்குப் பாலமாய்க் கிடந்தது.
சீப்பின் முதுகால் கோடு போட்டேன்.
முதல் வரியில் லோவிசாள். அடுத்ததில் யாபேஸ்.
இரண்டு பேருக்கும் ஒரு சரி.
கை நடுங்கினது, கோடும் கொஞ்சம் நடுங்கினது.

"மிச்ச வரியெல்லாம் ஆருக்கு?"

நிமலன் காலைக் கழுவாமலே
நிலைப்படியில் குந்தினார்.

கெங்காதேவி, என்றேன். எழுது.
க-வுக்கு முன்னால் கொம்பு.
எனக்குப் பக்கத்தில் இருந்தவள்.
என்ரை அழிறப்பரை வாங்கினவள்,
இன்னும் திருப்பித் தரேல்லை.