பரவாயில்லை

நொவீனாவில் நான்காம் மாடி. ஜன்னல் திறக்காது.
மேசையில் டிஷ்யூ பெட்டி, ஒலிப்பதிவுக் கருவி,
பதினேழு கேள்விகள்.
மனச்சோர்வுக்கு இரண்டு சிகிச்சைகள்;
யார் எதில் என்று எனக்குத் தெரியக் கூடாது.
அதற்குத்தான் சம்பளம்.

பாசிர் பாஞ்சாங்கில் பாரந்தூக்கி இயக்கும் மருதையன்
உட்காரும் முன்பே சொல்லிவிட்டார்:
"வீட்டுப்பாடம் எழுத மறந்துட்டேன் மிஸ்."
வீட்டுப்பாடம் என்றால் டாக்டர் குவெக்கின் முறை.
இருபது வருடம் அவர் செதுக்கியது.
நீல அட்டைக் கையேடு,
முதல் பக்கத்தில் அவர் கையெழுத்து.

தூக்கம் எப்படி?
"பரவாயில்லை."
ஒன்று போட்டேன்.

ஈசூனிலிருந்து பூவழகி,
விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிறவள்.
"அந்த அக்கா நல்லாக் கேட்டுக்குவாங்க,
நாற்காலிதான் ஆடுது."
ஆடும் நாற்காலி ஷமீமாவின் அறை.

தூக்கம் எப்படி?
"பரவாயில்லை."
இரண்டு போட்டேன்.

பேனா தயங்கவே இல்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

யாரும் பொய் சொல்லவில்லை இங்கே.
குவெக் நல்லவர். சீனப் புத்தாண்டுக்கு
ஆளுக்கு இரண்டு ஆரஞ்சு தருவார்.
சீட்டுக் குலுக்கியதிலும் குற்றமில்லை.
அவர் மாணவர்களுக்குப் புதன்தோறும் கூட்டம்,
ஒவ்வொரு நோயாளியையும் அலசி, கறிபஃப்புடன்.
ஷமீமாவுக்கு ஒன்றரை நாள் பயிற்சி,
நகலெடுத்த கையேடு,
முப்பத்தொன்றாம் பக்கம் இல்லாமல்.
கேட்டு மூன்று மின்னஞ்சல் போட்டாளாம்.

காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு.
காக்கையிடம் தராசைக் கொடுத்தது யார் என்று
பழமொழியில் இல்லை.
நான் காக்கைகூட இல்லை,
அந்தக் கூட்டில் வாடகைக்கு இருப்பவள்;
ஒப்பந்தம் டிசம்பர் வரை.

நேற்று எல்லோரும் போனபின்
இரண்டு பதிவையும் ஓடவிட்டேன்.
அதே சொல்தான்.
அவர் சொன்னதற்கு முன்னால் ஓர் இருமல்.
அவள் சொன்னதற்குப் பின்னால் ஒரு மூச்சு.
மூச்சுக்கு ஒரு மதிப்பெண்ணா என்று
மறுபடி ஓட்டியபோது
என் குரல் கேட்டது.

அவரிடம், "தூக்கம் நல்லா வருதா?"
அவளிடம், "தூக்கம் வருதா?"

நல்லா.
தாளில் இல்லாத சொல்.
இரண்டு பேரிடமும் ஒரே கேள்வி கேட்டதாகத்தான்
இன்றுவரை சத்தியம் செய்திருப்பேன்.

திருத்தலாமென்று கோப்பைத் திறந்தால் பூட்டியிருந்தது.
திறந்திருந்தால் மட்டும்
எந்த எண்ணை எந்த எண்ணாக்குவேன்?

இன்று மின்தூக்கியில் ஷமீமா.
கையில் சாப்பாட்டு டப்பா, கண்ணுக்குக் கீழே கருமை.
"என் ஆளுங்க எப்படிக்கா, தேறுறாங்களா?"
சொல்லக் கூடாது. விதி.
மூன்றாம் மாடி போனது. இரண்டாம் மாடி.
வாய் தானாகத் திறந்து
"பரவாயில்லை" என்றது.

தலையசைத்துக்கொண்டாள்.
என்ன எண் போட்டுக்கொண்டாளோ.