கையை விடு

எழுநூற்று நாற்பது கிலோ
என்று தகட்டில் அடித்திருக்கிறது.
அதை நம்பாதே என்றேன்;
சக்கும் மோட்டாரும் பிறகு மாட்டியவை,
எண்ணூறுக்குக் குறையாது.
ஆவுலிஸ் தலையாட்டினான்.
பதினெட்டு வருடத்தில்
என் கணக்கை அவன் மறுக்காத முதல் ஞாயிறு.

வீடு அவனுக்கு. படகு அவனுக்கு.
லேத் எனக்கு.
வக்கீல் தாளில் ஒற்றை வரி:
கராஜில் உள்ள எந்திரம் மனைவியைச் சேர்ந்தது.
அது வாசலைத் தாண்டுவது எப்படி என்று
அவர் எழுதவில்லை.

கொக்கோலாவில் மார்ச் மாதம்.
கூரைமேல் முழங்கால் அளவு பனி.
உத்தரத்தில் சங்கிலியை மாட்டலாமே என்றான்.
பனிக்குக் கட்டியது அது,
பனியைத்தான் சுமந்துகொண்டிருக்கிறது,
இரும்பையும் கேட்காதே.
துறைமுகச் சாலைக் கடையில்
ஒருநாள் வாடகைக்கு எடுத்து வந்தோம்
கால் விரித்து நிற்கும் சட்டம்,
செயின் பிளாக், இரண்டு டன் பட்டைகள்.
அளவுச்சீட்டு கிழிந்திருந்த ஒரு பட்டையைத்
திருப்பிக் கொடுத்தேன்.
கடைக்காரர் முகம் சுளித்தார்.
சுளிக்கட்டும்.

எந்திரத்துக்குத் தலைக்கனம், இடப்பக்கம்.
டெயில்ஸ்டாக்கை வலக்கோடிக்குத் தள்ளினேன்.
லீட்ஸ்குரூவில் பட்டை படக்கூடாது,
அது வளைந்தால் அப்புறம்
எந்த மரையும் நேர்படாது.
கூர்விளிம்பில் பழைய தீயணைப்புக் குழாயின் துண்டு.
ஒரு விரற்கடை தூக்கினோம்.
இடப்பக்கம் சாய்ந்தது. இறக்கினோம்.
டெயில்ஸ்டாக் இன்னும் ஒரு சாண்.
மறுபடி. மறுபடி.
நான்காம் தடவை
மட்டக்குழலின் குமிழி
நடுவில் வந்து நின்றது.
அந்த வீட்டில் வேறெதுவும் அப்படி நின்றதில்லை.

மூன்றே சொல், முன்பே பேசி வைத்தோம்:
மேலே. நில். கீழே.
'நில்' யார் வேண்டுமானாலும் சொல்லலாம்;
ஏன் என்பதை நின்ற பிறகு கேட்கலாம்.
தூக்கத் தூக்க அடியில் பிர்ச் கட்டைகள் அடுக்கினான்,
கட்டையின் பக்கவாட்டைப் பிடித்து,
நான் காட்டியபடியே.
பக்கத்து வீட்டு சிர்க்கா காபி கொண்டுவந்தாள்.
சாக்பீஸ் கோட்டுக்கு வெளியே நிறுத்தினேன்.
தட்டு கையில் இருக்க, ஆவி அடங்கும்வரை
அவளும் நின்றாள்.

கட்டைகளை உருவிவிட்டு
அவன் அண்ணனின் டிரெய்லரைப்
பின்னோக்கி அடியில் விட்டோம்.
கீழே. கீழே. நில். கீழே.
ஒரு கால் பலகையைத் தொட்டது.
வாசற்பனியில் சக்கரம் நழுவியது.
நாலு விரல் அளவுதான்.

சாய்வதைக் கண்டால் தாங்கத் தோன்றும்.
எண்ணூறு கிலோவைத் தாங்க
அவன் கை நீட்டினான்,
சரியும் பாத்திரத்தைப் பிடிப்பவன் போல.

கையை விடு!

மூன்றில் இல்லாத சொல்.
சுவர் அதை எனக்கே திருப்பிச் சொன்னது.
விட்டான்.

செயின் பிளாக் தாங்கியது.
எந்திரம் சுழன்று
பக்கப் பலகையைப் பிளந்தது,
ஒரு கைப்பிடி ஒடிந்தது,
பின்னங்கால் போய் உட்கார்ந்தது
அவன் கை இருந்த இடத்தில்.
கையுறை மட்டும் அடியில்.

என்னைக் கைவிட்டாள் என்று
தன் சிநேகிதர்களிடம் சொல்லியிருந்தான்.
கைவிட்டான் என்று
நானும் நாலு பேரிடம்.
இப்போது அந்த வெறுங்கையை
விரித்து மடக்கி, விரித்து மடக்கி,
சிர்க்காவின் ஆறிய காபியை வாங்கினான்.
கப் நடுங்கியது.
யாரும் எதுவும் பேசவில்லை.
சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்தேன்,
முதலிலேயே வைத்திருக்க வேண்டியது.

புது இடத்தில் இறக்கியபோது
கையுறை கிடைத்தது,
அப்பளம்போல் தட்டையாக, ஐந்து விரலோடும்.
தபாலில் அனுப்பினேன்.
பதிலுக்கு வந்தது
பலகைக்கு ஒரு ரசீது, முப்பத்திரண்டு யூரோ.
அவன் கையெழுத்து,
எப்போதும்போல் கோணலாக, முழுசாக.
அன்றைக்கே செலுத்தினேன்.