தெனப்பன் வீட்டுக் கல்யாணத்தில் இரண்டு கேமரா

"பெரிய கேமரா கொண்டாரலையா?"
கானாடுகாத்தானில் முகப்புப் படி ஏறும்போதே
தெனப்பன் கேட்டார்.
என் கையில் இருந்ததை
சோப்பு டப்பா என்று நினைத்திருக்கலாம்.

கொண்டுவந்திருந்தேன்.
அது அடைக்கலத்தின் கழுத்தில் தொங்கியது
நீள லென்ஸும் பிளாஷும் மாட்டிக்கொண்டு,
கோயில் காளை மாதிரி.
ஒருவர் விலை கேட்டார்.
ஒருவர் தொட்டுப் பார்த்தார்.
வாங்கின அட்வான்ஸுக்கு அது போதும்.

பதினோரு வருஷம் அதைச் சுமந்தவள் நான்.
இடது தோளில் இன்னும் ஒரு பள்ளம்,
ரவிக்கை தைக்கும் மரகதத்துக்குத் தெரியும்.
அதற்குள்ளே ஒரு கண்ணாடி.
அமுக்கினால் எழும்பி 'டக்'கென்று அடிக்கும்.
அந்தச் சத்தத்தில் எத்தனை முகங்கள்
பதறி நிமிர்ந்து
போட்டோ முகமாகிப் போயின.

இதற்குள் கண்ணாடி கிடையாது.
கண்ணாடியெல்லாம் இந்த வீட்டுச் சுவரில்:
பட்டாலையின் இரண்டு பக்கமும் பெல்ஜியம்,
எங்கே திரும்பினாலும் நானே தெரிவேன்.
பெரியதோடு நின்றால்
ஒவ்வொரு படத்திலும் ஒரு கறுப்புப் பூதம்.
இதோடு நின்றால்
மொய் எழுத வந்த யாரோ ஒருத்தி.

முப்பத்தைந்தைக் கழற்றி எண்பத்தைந்தை மாட்ட
ஒரு திருகு, ஒரு சொடுக்கு.
கழற்றியது மஞ்சப்பைக்குள்,
தேங்காய்க்கும் வெற்றிலைக்கும் நடுவே.
பேட்டரிதான் சனியன்.
நாளுக்கு நாலு வேண்டும்.
திருப்பூட்டும் நேரம் பார்த்துச் சிவப்பு காட்டியது.
மாற்றினேன். மாற்றிய கை
அரைமணி நேரம் நடுங்கியது.

இசைகுடிமானம் படித்து முடித்ததும்
வளவே அடைக்கலத்தைப் பார்த்துச் சிரித்தது.
ஒரு கண்ணை இடுக்கி, மூச்சைப் பிடித்து
மூன்று தடவை பிளாஷ் அடித்தான்.
பிளாஷுக்குத் தனி பேட்டரி.
கேமராவின் பேட்டரி
காரைக்குடியில், என் அடுப்பங்கரை மேடையில்.

நான் தூணோரம் நின்றேன்.
எல்லாக் கண்ணும் அந்தப் பக்கம் இருந்தபோது
உமையாள் இந்தப் பக்கம்
கழுத்துருவை ஒரு கையில் ஏந்திக்கொண்டு
மறு கையால் பின்கழுத்தைத் தேய்த்தாள்.
பாரம் இறங்கிய அந்த ஒரு நொடி
அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது.

என் கைக்குள் ஒரு சத்தமும் இல்லை.

ஆல்பம் புரட்டிய தெனப்பன்
அந்தப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"என்ன இருந்தாலும்
பெரிய கேமரா பெரிய கேமராதான்" என்றார்.

ஆமாண்ணே என்றேன்.
பாக்கிப் பணம் இன்னும் வரவில்லை.