வலப்பக்கம் ஒருவர்

ஏழாம் மாதத்தில்தான் கூப்பிட்டார்
சுங்கை காடுட் மரக்கிடங்கின் தவுக்கே.
"ஐந்தாம் நம்பர் கேமராவில்
ஒவ்வோர் ஆளுக்கும் பக்கத்தில் இன்னோர் ஆள்."
குரலைத் தாழ்த்திக்கொண்டார்,
யாரோ ஒட்டுக்கேட்பது போல.

போய்ப் பார்த்தேன். நின்றது.
லாரி நுழைந்தால் லாரிக்கு ஒன்று,
நாய் வந்தால் நாய்க்கு ஒன்று,
கஞ்சித் தண்ணீர் நிறத்தில்,
எப்போதும் வலப்பக்கம்,
எப்போதும் இரண்டு விரல் தள்ளி.
வாசலில் அதற்குள் ஆரஞ்சுப் பழங்கள்,
ஊதுவத்தி, தாள் எரித்துக் கறுத்த தகர டின்.

ஆவி என்றால், தவுக்கே,
ஒரு நாளாவது இடப்பக்கம் வந்திருக்கும்.

ஏணி போட்டேன். மொஷாரஃப் கீழே பிடித்துக்கொண்டான்.
கூரைக்கடியில் மூன்று வருட மரத்தூள்.
துடைத்தால் கேபிளின் தோலில்
தேய்ந்த வெள்ளை எழுத்து:
ஆர்ஜி ஐம்பத்தெட்டு.

ஐம்பத்தொன்பது இருந்திருக்க வேண்டும்.
அடுத்தடுத்த எண்கள், ஒரே கறுப்பு,
தொட்டுப் பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே பருமன்.
ஆனால் அது ஐம்பது ஓம், வானொலிக்காரர்களுடையது.
படத்துக்கு எழுபத்தைந்து.
முன்பு வேலை எடுத்தவர்
மிச்சம் கிடந்த சுருளைத் தீர்த்திருக்கிறார்.

எழுபத்தைந்தில் கிளம்பிய படம்
தனக்குப் பொருந்தாத குழாயில் புகுந்து
நூற்றெண்பது மீட்டர் ஓடுகிறது.
கடைசியில் முட்டி, அதில் கொஞ்சம் திரும்புகிறது,
தொடங்கிய இடத்திலும் முட்டி
மறுபடி போய்ச் சேர்கிறது, பிந்தி.
நொடியைப் பத்து லட்சமாக நறுக்கினால்
இரண்டு துண்டுகூட இல்லை அந்தத் தாமதம்.
அந்தப் பிந்தியவர்தான் வலப்பக்கம் நிற்கிறவர்.

மறுநாள் சிம் லிம் டவர்.
மேடம் கோ மலிவாக ஒரு சுருளை உருட்டிவிட்டார்.
நான் காந்தத்தை எடுத்தேன்,
பல் மருத்துவமனை கொடுத்தது, குளிர்பெட்டியில் ஒட்ட.
நடுக்கம்பி அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டது.
உள்ளே எஃகு, மேலே செம்புப் பூச்சு.
"ஆன்டெனாவுக்குப் போதும், மேடம். எனக்கு வேண்டாம்."
திட்டுவார் என்று நினைத்தேன்.
சிரித்துக்கொண்டே மேசைக்கடியிலிருந்து வேறொன்றை இழுத்தார்.
காந்தம் வழுக்கி விழுந்தது.
தோலைச் சீவி வெளிச்சத்தில் பிடித்தேன்,
செம்புப் பின்னலில் ஓட்டை தெரியவில்லை.

"கையால் திருகுகிற பிஎன்சி தரட்டுமா? வேலை சீக்கிரம் முடியும்."
சீக்கிரம்தான்.
இந்த ஊர் ஈரக்காற்று அதைவிடச் சீக்கிரம்.
கிரிம்ப் கொடுங்கள்,
எழுபத்தைந்து ஓமா என்று பார்த்து.

வெள்ளிக்கிழமை முழுக்க இழுத்தோம்.
மின்கம்பியை விட்டு ஒரு முழம் தள்ளி,
மூலைகளில் ஒடிக்காமல், வளைத்து.
பலகை அறுக்கும் சத்தத்தில்
இடுக்கி கடித்தது காதில் விழவில்லை,
உள்ளங்கையில் தெரிந்தது.
மொஷாரஃப் ஓடிப்போய் வாசலில் கையசைத்தான்.
திரையில் ஒரு மொஷாரஃப்.
ஒரு கை.

தவுக்கே வெகுநேரம் பார்த்தார்.
"அப்படியென்றால் நான் எரித்த தாளெல்லாம்?"

எனக்கு ஓமும் மீட்டரும்தான் தெரியும்.
மொஷாரஃப் சொன்னான்:
"யாராவது வாங்கியிருப்பாங்க, பாஸ்."
அவர் முகம் தெளிந்தது.
என் வேலையைப் பார்த்து அல்ல, அந்த வார்த்தைக்கு.

பில்லில் எழுதினேன்:
ஆர்ஜி ஐம்பத்தொன்பது, இருநூறு மீட்டர்.
கிரிம்ப் பிஎன்சி, இரண்டு.
பழைய கேபிள் அகற்றியது, இலவசம்.

அதைச் சுருட்டி வேனில் போட்டபோது
யாரோ ஏறி உட்கார்ந்தது போல வண்டி தாழ்ந்தது.
ஏழு கிலோதான் இருக்கும்.
கிராஞ்சி திருப்பத்தில், இருட்டில்,
வலப்பக்கக் கண்ணாடியை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.
பின்னால் ஒரு லாரி.
ஒன்றே ஒன்று.